நிச்சயமா என்று கேட்காத ஃபைல்

புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் அநேகமாக எல்லோரிடமும் ஒரு ஃபோல்டர் இருக்கும். எங்கோ கண்ணில் பட்ட நாலு வரி, நண்பர் அனுப்பிய பத்து வரி, ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு நீங்களே எழுதிய இருபது வரி, எல்லாம் அடுத்த முறை உதவும் என்று அதில் எடுத்து வைத்திருப்பீர்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் வைத்திருந்தேன். என் காலத்தில் அது ஃபோல்டர் இல்லை, ஒரு ஃப்ளாப்பி, கம்ப்யூட்டரில் செருகி எடுக்கும் சின்னச் சதுரத் தட்டு. 'விஜயா, கைவசம்' என்று பேனாவால் எழுதி மேலே ஒட்டியிருப்பேன்.

அந்த ஃப்ளாப்பியில் இருந்த இரண்டு வரியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்று நாளாயிற்று. இன்றைக்கும் போன் மணி அடித்து, எடுத்தால் எதிர்முனையில் யாரோ பேசாமல் மூச்சு மட்டும் விடுவது கேட்டால் எனக்கு அந்த இரண்டு வரிதான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் எங்கள் அலுவலகம் ஒரு மாடியறை. கீழே உரக்கடை. மேலே நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஆறு பேர். சுற்று வட்டாரத்தில் யாருக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமோ எழுதிக் கொடுப்போம். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு வருகைப் பதிவு, பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியல் என்று எதுவானாலும் சரி. நான் அங்கே நான்கு வருடமாக இருந்தேன். "அடுத்த மாசத்துல இருந்து எல்லாரோட வேலையையும் நீயே பாத்துக்கம்மா" என்று முதலாளி அப்போதுதான் சொல்லியிருந்தார்.

மாரியப்பன் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எட்டயபுரத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டில் ஆடு மேய்ப்பு. எங்க குடும்பத்துல நாற்காலியில உக்காந்து சம்பளம் வாங்குன முதல் ஆள் நான்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவனுக்கும் என் ஃப்ளாப்பியில் ஒரு நகல் போட்டுக் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுப்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அந்த ஃப்ளாப்பியில் 'க்ளீன்' என்று ஒரு ஃபைல். அப்போதெல்லாம் ஹார்ட் டிஸ்கில் இடம் எப்போதும் பத்தாது. தேவையற்றதைத் துடைக்க இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன். தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் என்ற டைரக்டரிக்குள், இன்று நீங்கள் ஃபோல்டர் என்பீர்களே அதற்குள், போ என்பது முதல் வரி. இருக்கிற இடத்தில் உள்ள எல்லா ஃபைலையும் அழி என்பது இரண்டாவது. அப்படி அழிக்கச் சொன்னால் மிஷின் 'நிச்சயமா?' என்று ஒரு தடவை கேட்கும். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல எரிச்சலாக இருந்ததால், 'ஆமா' என்ற பதிலையும் அந்த வரியிலேயே சேர்த்துவிட்டேன். நூறு தடவையாவது ஓட்டியிருப்பேன். ஒரு நாளும் தப்பாகப் போனதில்லை.

புதியம்புத்தூரில் பொன்னுச்சாமி அண்ணாச்சி ரெடிமேட் தையல் யூனிட் வைத்திருந்தார். அந்த வருடம் பதினான்கு பள்ளிகளுக்கு யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் அவருக்குக் கிடைத்தது. பரீட்சைக்கு முன்னாலேயே அவருடைய யூனிட் பெண்கள் இஞ்ச் டேப்போடு ஊர் ஊராகப் பஸ் ஏறிப்போய், ஒவ்வொரு பிள்ளையையும் நிற்க வைத்து அளவெடுத்து வந்தார்கள். பள்ளிக்கு ஒரு ஃபைலாக அதெல்லாம் நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமில் ஏறியது. எந்த அளவில் எத்தனை உருப்படி வெட்ட வேண்டும் என்று கட்டிங் மாஸ்டருக்கு அதுவே சீட்டு அடித்துக் கொடுக்கும். அளவெழுதிய தாள்களை அண்ணாச்சி பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். "கம்ப்யூட்டர்ல ஏறியாச்சுல்ல, தாள் எதுக்கு அண்ணாச்சி?" என்று அவரிடம் சொன்னது வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

மே மாதம். பள்ளிகளை எல்லாம் பூட்டிவிட்டார்கள். துணி வந்து இறங்கிவிட்டது. சீட்டு அடிக்கும் பகுதியில் ஒரு சின்னத் திருத்தம் இருந்தது. அதை ஏற்றிவிட்டு வரச் சொல்லி மாரியப்பனை அனுப்பியிருந்தோம். காலை பதினொரு மணிக்கு முன்னால் போன் வந்தது. எடுத்தேன். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"அக்கா..."

"சொல்லு மாரியப்பா. முடிஞ்சுதா?"

"இங்கன ஒண்ணுமே இல்லக்கா."

"என்ன ஒண்ணுமே இல்ல?"

"ஃபைல் ஒண்ணும் இல்ல. பதினாலு ஸ்கூலும் இல்ல. டைரக்டரி காலியா கிடக்கு."

"கடைசியா என்ன ஓட்டுன?"

"ஏத்துததுக்கு இடம் பத்தல. அதான் உங்க ஃப்ளாப்பில இருக்க க்ளீன ஓட்டுனேன். நான் ஏதோ தப்பா ஓட்டிட்டேன்க்கா."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. என் அலுவலகத்தில் எல்லா மிஷினிலும் டெம்ப் என்ற டைரக்டரி உண்டு. அண்ணாச்சி மிஷினில் கிடையாது. முதல் வரி போக இடமில்லாமல் தோற்றிருக்கும். தோற்றால் நின்றுவிடு என்று நான் எழுதவில்லை. அதனால் இரண்டாவது வரி, மிஷின் அப்போது நின்றுகொண்டிருந்த இடத்திலேயே, அளவுகள் இருந்த டைரக்டரியிலேயே, எல்லாவற்றையும் அழித்திருக்கிறது. நிச்சயமா என்று அவனிடம் கேட்கக்கூட இல்லை. அவன் எதையும் தப்பாக ஓட்டவில்லை.

"நம்ம புரோகிராம் ஃப்ளாப்பிய போட்டு எல்லாத்தையும் திரும்ப ஏத்திப் பாக்கட்டா?" என்று கேட்டான்.

"வேண்டாம். கீபோர்டுல இருந்து கைய எடு. யாரையும் கிட்ட விடாத. அண்ணாச்சிட்ட நகல் ஃப்ளாப்பி இருக்குமே?"

"அதப் போட்டுப் பாத்தேன். படிக்க மாட்டேங்குது. ஜன்னல்ல வெயில்லயே கிடந்திருக்கு."

"வேற எதாச்சும் செஞ்சியா?"

ரிசீவர் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாறும் சத்தம் கேட்டது. "இல்லக்கா."

"நான் வாரேன்" என்று வைத்துவிட்டேன்.

தொடாதே என்று நான் சொன்னதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அழித்த ஃபைல் உடனே இல்லாமல் போவதில்லை. இந்த இடம் காலி என்று ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காராதவரை பழையது அப்படியே இருக்கும். உட்கார்ந்துவிட்டால் போயிற்று.

முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா?"

"புதியம்புத்தூர்ல ஒரு சிக்கல். பாத்துட்டு வந்துருதேன்."

"அந்தப் பய எதையாவது கெடுத்து வச்சிட்டானா?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

எட்டயபுரத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினேன். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாத வெயில். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசலும் உடைமரமும்தான். அழித்த ஃபைலை மீட்கிற புரோகிராம் இருந்த ஃப்ளாப்பியைச் சூடு படாமல் கைப்பைக்குள் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மனம் ஓடியது. யாராவது மிஷினைத் தொட்டிருப்பார்களோ? அண்ணாச்சி வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பாரோ? பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும்போது, நிற்கிற நேரமெல்லாம் அங்கே ஏதோ அழிந்துகொண்டிருப்பதாகவே தோன்றியது.

உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பஸ்ஸில் எனக்கு முதலில் வந்த எண்ணம் பிள்ளைகளைப் பற்றியது அல்ல. க்ளீன் என்ற ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்பதுதான். மாரியப்பன் அதைத் திறந்து பார்த்ததில்லை. தன் கைதான் தவறு செய்தது என்று நம்புகிறான். ஃபைல்கள் திரும்பி வந்துவிட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. அப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. லேசானதே என்று அதற்கும் பயமாக இருந்தது.

யூனிட்டுக்குள் நுழையும்போது தையல் மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பெண்கள் யாரும் பேசவில்லை. உள் அறையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நீலத் துணிக் கட்டுகளும் காக்கித் துணிக் கட்டுகளும் கூரை தொட அடுக்கியிருந்தன. மாரியப்பன் சுவரோரம் நின்றான். எதையும் தொடவில்லை என்று காட்டுவதுபோல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். அண்ணாச்சி அவனை வைதுகொண்டிருந்தார்.

"ஏலே, உன்ன யாரு அதுல கை வைக்கச் சொன்னது? பிள்ளைய எல்லாம் லீவுல அங்கன இங்கன போயாச்சு. நான் யாரப் புடிச்சு அளவெடுக்க? பள்ளிக்கூடம் தொறக்கும்போது அதுக எதப் போட்டுட்டுப் போகும்?" என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "வாம்மா. இந்தப் பய என் குடியக் கெடுத்துட்டான்."

மாரியப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலையில் கவனம் வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

ஹார்ட் டிஸ்கில் புதிதாக எதுவும் எழுதிவிடாதபடி என் ஃப்ளாப்பியில் இருந்தே மிஷினைக் கிளப்பினேன். திரையில் அழிந்த பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் எழுத்து மட்டும் இல்லை. அந்த எழுத்தைக் கொடுத்தால் ஃபைல் திரும்பி வரும், அல்லது வராது. முதல் பள்ளி வந்தது. இரண்டாவது வந்தது. அண்ணாச்சி என் தலைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு, ஒன்பது என்று ஏறியது. பதினான்காவதும் வந்தபோது என் சேலை முதுகில் ஒட்டிப் போயிருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"வந்துட்டு அண்ணாச்சி" என்றேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். வெளியே பெண்கள் பேச ஆரம்பித்தது கேட்டது. "தாயி, நீ நல்லா இருக்கணும். சீட்ட அடி. மாஸ்டர் காலைல இருந்து கத்திரியோட காத்துக் கிடக்காரு. இப்பமே வெட்டிருவோம்." பிறகு மாரியப்பன் பக்கம் திரும்பினார். "நீ இனி இந்தப் பக்கம் வந்துராத. உங்க முதலாளிட்ட நானே பேசுதேன். இந்த மாதிரி ஆள எதுக்கு வச்சிருக்காவன்னு கேக்குதேன்." போனை எடுத்துவிட்டார்.

மாரியப்பன் தலையை ஆட்டினான், அதுதான் நியாயம் என்பதுபோல. அண்ணாச்சி நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார். மூன்று எண் சுழற்றி முடியும்வரை நான் சும்மா இருந்தேன். அந்த மூன்று எண்ணையும் நான் மறக்கவில்லை.

"அண்ணாச்சி, போன வைங்க."

"ஏம்மா?"

"அழிச்சது அவன் இல்ல. அந்த ரெண்டு வரிய எழுதுனது நான். எங்க மிஷினுக்கு எழுதுனத உங்க மிஷின்ல ஓடுமான்னு பாக்காம அவன் கையில குடுத்துட்டேன். அவன் செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. போன்ல அவன் சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

அண்ணாச்சி போனைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். நான் மாரியப்பனைப் பார்த்தேன். அவன் முகம் ஏதோ மாதிரி ஆகிவிட்டது. கோபப்படப் போகிறான் என்று நினைத்தேன். கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"அக்கா, நானும் ஒண்ணு சொல்லல."

"என்ன?"

"உங்களுக்கு போன் போடுததுக்கு முன்னால, பயத்துல நம்ம புரோகிராம் ஃப்ளாப்பிய போட்டு ஏத்த ஆரம்பிச்சேன். ரெண்டு ஃபைல் ஏறிச்சு. அப்புறம் நிறுத்திட்டேன். நீங்க கேட்டப்ப சொல்ல வாய் வரல. அப்பமே வேலை போச்சுன்னு நெனச்சேன்."

மீட்கும்போது இரண்டு பள்ளிகளுக்கு மட்டும் திரையில் வந்த செய்தி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வந்தால் போதும் என்ற அவசரத்தில் அதைப் படிக்காமல் தாண்டியிருக்கிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தது என்பதற்கு அர்த்தமில்லை. எத்தனை பிள்ளைகள் என்பது ஃபைலின் தொடக்கத்தில் எழுதியிருக்கும். நடுவில் என்ன மாறினாலும் அது மாறாது.

அந்த இரண்டு பள்ளிகளையும் திறந்து வரி வரியாக இறக்கிப் பார்த்தோம். முதல் பக்கம் ஒழுங்காக இருந்தது. இரண்டாவது பக்கமும் அப்படியே. அடுத்து, மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் நடுவே பத்தாம் வகுப்புப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு பள்ளியின் பையன்கள். அவன் ஏற்றிய ஃபைல் உட்கார்ந்த இடத்தைத் தாண்டி, அடுத்துக் கிடந்த துண்டை மீட்கிற புரோகிராம் எடுத்து ஒட்டியிருந்தது. எல்லாம் ஒரே வடிவம் என்பதால் வரிசை குலையாமல் அச்சாகப் பொருந்தியிருந்தது. சீட்டில் பெயர் வராது, அளவும் எண்ணிக்கையும் மட்டும்தான் வரும். கட்டிங் மாஸ்டர் சந்தேகப்பட ஒரு காரணமும் இருந்திருக்காது. துணி வெட்டுப்பட்டிருக்கும். வெட்டிய துணியை மீட்க என் ஃப்ளாப்பியில் எதுவும் இல்லை.

அண்ணாச்சி துணிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மத்த பன்னெண்டும் நிசமா சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு விடாம முழுசா பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் கத்திரி எடுக்க வேண்டாம்."

மாரியப்பன் பெயர் வாசிக்க நான் திரையில் பார்க்க, ஒரு பள்ளியையும் விடாமல் பார்த்தோம். அளவெடுக்கப் போன பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டோம். "அந்த நெட்டைப் பிள்ளையா, ஆமா, சரிதான்" என்று அவர்கள் நினைவில் இருந்ததையும் ஒத்துப் பார்த்தோம். பன்னிரண்டும் சரியாக இருந்தன. கத்திரி ஓட ஆரம்பித்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தண்ணீர் குடிக்கவே தோன்றியது.

கோவில்பட்டிக்குத் திரும்பி நேராக முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. மேஜையில் இருந்த பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த மாசம்னு ஒண்ணு பேசுனோம்ல, அத இப்போதைக்கு விட்ருவோம்" என்றார். அது நடக்க மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. மாரியப்பனை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் ஃபைல் எதையும் திறந்து படிக்காமல் அவன் ஓட்டியதில்லை. எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. சரியான காரியம் என்பதால் நானும் எதுவும் சொல்லவில்லை.

க்ளீன் ஃபைலை நான் தூக்கிப் போடவில்லை. அந்த டைரக்டரி இல்லையென்றால் நின்றுவிடு என்று நடுவில் ஒரு வரி சேர்த்தேன். 'நிச்சயமா?' என்ற கேள்வியைத் திரும்பக் கேட்க விட்டேன். ஃப்ளாப்பியில் இருந்த ஒவ்வொரு ஃபைலின் தலையிலும், இது எந்த மிஷினில் ஓடியது, எங்கே ஓட்டிப் பார்க்கவில்லை என்று எழுதி வைத்தேன். எங்கே ஓட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் அதிகமாக இருந்தது.

நீங்கள் இதைவிட நல்ல வழிகளைக் கற்றிருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு ஒருவர் நடுங்கிக்கொண்டு போன் செய்தால், அவர் சொல்வதில் முக்கியமான ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். பயத்தில் விட்டிருப்பார். எத்தனை தடவை கேட்டாலும் அது வராது. உங்கள் பக்கத்துத் தவறை நீங்கள் முதலில் சொன்னால் வரலாம். போனிலேயே நான் சொல்லியிருந்தால் அவனும் போனிலேயே சொல்லியிருப்பான்.

கெட்டுப்போன அந்த இரண்டு பள்ளிகளிலும் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் அளவெடுக்க வேண்டியிருந்தது. யூனிட்டில் இருந்து இரண்டு பெண்கள், மாரியப்பன், நான். நான்கு நாள் வீடு வீடாகப் போனோம். காட்டில் ஆட்டோடு நின்ற பையன்களை மாரியப்பன் விசில் அடித்தே கூப்பிட்டான். ஊரில் இல்லாத பிள்ளைகள் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அங்கேயும் போனோம். மூன்று பேர் மட்டும் கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தம்பி தங்கைகளைப் பார்த்து அண்ணாச்சி ஒரு அளவு சொன்னார். ஒரு பள்ளிக்கு நான்கு நாள் தாமதமாகத்தான் துணி போய்ச் சேர்ந்தது.

கடைசியாக நாங்கள் போனது மணியாச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டுக்கு. லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பெண். கையை விரித்து நிற்கச் சொல்லி டேப்பைச் சுற்றினேன்.

"போன தடவ ஒரு அக்கா வந்து எடுத்துட்டுப் போனாவளே?" என்றாள். "அது எங்க?"

யூனிட் பெண் ஏதோ சமாளிக்க வாயெடுத்தாள்.

"நான் தொலைச்சிட்டேன் பிள்ள" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையை இன்னும் கொஞ்சம் நன்றாக விரித்துக்கொண்டு, "சரி. இப்பமாச்சும் ரெண்டு எடத்துல எழுதிக்கோங்க" என்றாள்.